கடலோரத்தில் தொலைப்பணி

மெக்சிகோ நாட்டின் கிழக்கே, கரீபியக் கடலோரத்தில் பிளாயா தெல் கார்மென் என்னும் நகரம் உளது. முன்பு அது மீனவர் சிற்றூர். இன்றோ, பிறநாட்டு அலுவலகப் பணியை இணையத்தின் வழியே ஆற்றுவோர் பலர் அங்கு வாழ்கின்றனர். கிந்தானா ரோ என்னும் அம்மாநிலம், சுற்றுலாவினர்க்கு மாலையொளி நீடிக்கும் பொருட்டு, 2015-ஆம் ஆண்டில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளிற்று. ஆதலின் குளிர்காலத்தில் கலிபோர்னியாவில் காலை 9 மணி அடிக்கும்போது அங்கு நண்பகல். அதுவரை கடலாடலாம், எத்துணை நல்வாய்ப்பு!

ஆயின், மாணவர்களே, டாலரில் ஊதியம் பெறுவோர் மிகுந்த வாடகை தருவர். வீட்டுக்காரரும் அவரையே விரும்புவர். பெசோவில் கூலி பெறும் விடுதித் தொழிலாளி என் செய்வான்? நெடுஞ்சாலைக்கு அப்பால் குடிபெயர்கிறான். மற்றவர் நீராடும் காலைப்பொழுதில், பலர் நெருங்கி அமரும் ‘கொலெக்டிவோ’ என்னும் சிறு வண்டியில் அவன் பணிக்கு வருகிறான்.