யுஎஸ்பி போர்ட் திடீரென இயங்காவிட்டால்

ஜிஎஸ்டி தாக்கலின் கடைசி நாளன்று, டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கணினி ஏற்கவில்லை என்று பதறும் வணிகர்களை நாம் கண்டிருக்கிறோம். டோக்கன் பழுதென்று முடிவு கட்டுமுன், அதே போர்ட்டில் மவுஸைச் செருகிப் பாருங்கள். அதுவும் இயங்காவிடில் குறை போர்ட்டில்தான்.

யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று பொதுவாகத் தருவது 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டம், 3.0 எனில் 900. செருகிய கருவி அதற்கு மேல் இழுத்தால், கணினி தன்னைக் காத்துக்கொள்ள அந்தப் போர்ட்டை அணைத்துவிடக்கூடும். அப்போது செருகியிருப்பன யாவற்றையும் எடுத்துவிட்டு, கணினியை நிறுத்தி, மின்கம்பியையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தபின் மீண்டும் இயக்குங்கள். ரீஸ்டார்ட் மட்டும் போதாது. அதில் போர்ட்டுக்குச் செல்லும் மின்சாரம் பெரும்பாலும் அறுபடுவதில்லை.

அடிக்கடி இவ்வாறு நேருமாயின், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சிக்கனத்துக்காகக் கருவியை அணைக்க அனுமதிக்கும் குறியை நீக்கிவிடலாம். ரூட் ஹப்பையே அன்இன்ஸ்டால் செய்வோரும் உண்டு. கணினியை மறுபடி இயக்கியதும் அது தானே பதிவாகிவிடும். அதுவரை யுஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் இயங்கமாட்டா என்பதை அறிந்து செய்க!

போர்ட்டின் உள்நாக்கு வளைந்திருந்தால் பழுதுபார்ப்பவரையே நாட வேண்டும். அங்கே கணினியை மட்டும் கொண்டு செல்லுங்கள். டோக்கனும் அதன் பின் எண்ணும் உங்களிடமே இருக்கட்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அந்த ஒப்பத்தை உங்கள் கைப்பட இட்ட கையொப்பத்துக்கு ஈடாகவே ஏற்கிறது.