வேட்பாளரின் பின்னணி: வாக்காளர் அறிவது எப்படி?

கேள்வி: தேர்தலில் நிற்பவர் மீது குற்ற வழக்குகள் இருந்தால், வாக்காளர் அதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002, 2003ஆம் ஆண்டுகளில் தீர்ப்பளித்தது. வேட்புமனுவுடன் தாக்கல் செய்யப்படும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் இந்த விவரங்கள் இருக்கும். கணவர் அல்லது மனைவி பெயரிலுள்ள சொத்தும் அதில் வரும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் அதைப் படிக்கலாம்.

ஊடகத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, வழக்குகள் உள்ள வேட்பாளரும் அவரை நிறுத்தும் கட்சியும் அந்த விவரத்தை நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் குறைந்தது மூன்று முறை வெளியிட வேண்டும். 2020இல் கட்சிகளுக்கு இன்னொரு கடமையும் சேர்ந்தது: வழக்கு இல்லாத ஒருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாகாது. அந்த ஆண்டு பீகார் தேர்தலில் இதை முறையாகப் பின்பற்றாத கட்சிகளுக்கு 2021இல் உச்ச நீதிமன்றம் அபராதம் விதித்தது.

வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே ஒருவர் போட்டியிட முடியாமல் போவதில்லை. அவரை ஏற்பதும் ஒதுக்குவதும் வாக்காளர் கையில்தான் இருக்கிறது. எனவே வாக்குச்சாவடிக்குப் போகும் முன் படிவம் 26ஐ ஒருமுறையாவது படித்துவிட வேண்டும்.