வண்டி சூடேறாமல் ஓட – வாட்டர் பம்ப் பராமரிப்பு
(வாழ்வாதாரப் பாடம்)



தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் ஐஃபாட் நிதியுதவியுடன் அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கின. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல். ஆக, குழு என்பது நம்ம மண்ணில் முளைத்த விதை. அன்று ஆடு, மாடு வாங்கக் கடன் எடுத்தோம். இன்று சரக்கு வண்டிக்கும் கடன் எடுக்கிறோம்.

ஆனால் நாங்கள் ஊர் ஊராகப் போகும்போது ஒன்றைப் பார்க்கிறோம். கடன் பத்திரத்தில் கையெழுத்து பெண்ணுடையது. தவணை கட்டுவதும் அவர்தான். வண்டியைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் டிரைவருக்குத்தான் தெரியும்" என்கிறார். மாடு வாங்கினால் அதன் நோயைத் தெரிந்துகொள்கிறோம் அல்லவா? வண்டிக்கும் அப்படித்தான்.

வாட்டர் பம்ப் என்ன செய்கிறது?

டீசல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. மற்றது பெரும்பாலும் சூடாகவே போகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற இன்ஜினைச் சுற்றித் தண்ணீரும் கூலண்ட்டும் கலந்த திரவம் ஓட வேண்டும். அதைத் தள்ளி விடுவதுதான் வாட்டர் பம்ப். உடம்புக்கு இதயம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சுற்றும்போது பெல்ட் பம்பைச் சுழற்றும். உள்ளே உள்ள விசிறி திரவத்தைத் தள்ளும். இன்ஜினில் சூடான திரவம் ரேடியேட்டருக்குப் போய், காற்றில் ஆறி, மறுபடி இன்ஜினுக்கு வரும்.

காற்றால் குளிரும் வண்டிகளுக்கு இந்தப் பம்ப் கிடையாது. உங்கள் வண்டியில் ரேடியேட்டர் இருந்தால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

நாட்றாம்பாளையத்திலிருந்து ஓசூர் சந்தைக்குப் போக அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக மலை ஏற வேண்டும். லோடு வண்டி சின்ன கியரில் மெதுவாக ஏறும்போது சூடு அதிகம், முன்னால் அடிக்கும் காற்று குறைவு. பலவீனமான பம்ப் அங்கேதான் கைவிடும். தக்காளி வெயிலில் வாடும். சுற்றிலும் யானை நடமாடும் காடு. 2014-ல் அறிவித்த காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இது. பொழுது சாய்ந்து வண்டி நின்றால் உயிருக்கே ஆபத்து.

சூட்டோடு தொடர்ந்து ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும், ஹெட் வளையும், கடைசியில் இன்ஜினே சீஸ் ஆகிவிடும். பம்ப் மாற்றும் செலவு எங்கே, இன்ஜின் வேலைச் செலவு எங்கே!

பம்ப் கெட்டுப்போவதன் அறிகுறிகள்

1. நின்ற வண்டிக்குக் கீழே பச்சை, ஆரஞ்சு போன்ற நிறத்தில் சொட்டு. பம்பில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் கசியும். அதை எம்-சீல் போட்டு அடைக்காதீர்கள். அது எச்சரிக்கை மணி.
2. பெல்ட் பக்கம் 'கிர்ர்' என்ற சத்தம். பேரிங் தேய்ந்திருக்கலாம்.
3. இன்ஜினை நிறுத்தி, ஆறிய பிறகு பம்ப் புல்லியை ஆட்டினால் லொடலொடவென்று ஆடுவது.
4. ஹீட் மீட்டர் முள் வழக்கத்தைவிட மேலே போவது.

கவனிக்க: சூடேறினாலே பம்ப்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், பெல்ட் தளர்வும் காரணமாகலாம். வெளியே கசிவு இல்லாமலே தண்ணீர் குறைந்து, வெள்ளைப் புகையும் வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

தினமும், மாதமும் செய்ய வேண்டியவை

• காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பாருங்கள். டப்பாவில் இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்க வேண்டும்.
• போர் தண்ணி ஊத்தாதீங்க. சோறு வடிக்கும் பாத்திரத்தில் உப்பு படிவது போல உள்ளே படியும், துருவும் ஏறும். கம்பெனி சொன்ன கூலண்ட்டை, சொன்ன அளவில், டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள்.
• மாதம் ஒருமுறை பெல்ட்டில் வெடிப்பு, ஹோஸ் பைப்பில் உப்பல் இருக்கிறதா பாருங்கள்.
• கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வடித்த கூலண்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். குழந்தையோ ஆடோ நாயோ குடித்தால் உயிர் போகலாம்.

வழியில் சூடேறினால்

வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணி ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். காட்டுப் பகுதி என்றால் இறங்கி நடக்காமல், உள்ளே இருந்தபடி போனில் உதவி கேளுங்கள்.

பம்ப் மாற்றும்போது

இது மெக்கானிக் வேலை. ஆனால் நாம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இன்ஜின் ஆறிய பின் பேட்டரி வயரைக் கழற்றி, கூலண்ட்டை வடிப்பார். பெல்ட், புல்லி, பிறகு பம்ப் போல்ட்டுகளைக் கழற்றுவார். பழைய கேஸ்கட் ஒட்டியிருந்தால் சுத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது பம்பும் கசியும். புது கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, சமமாக முறுக்க வேண்டும். பிறகு கூலண்ட் ஊற்றி, உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றி, ஓடவிட்டுக் கசிவு பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியவை: பழைய பம்பைக் கொடுங்கள். பில் போடுங்கள். பெல்ட்டையும் சேர்த்து மாற்றலாமா? சில வண்டிகளில் டைமிங் பெல்ட்தான் பம்பைச் சுற்றும். அங்கே இரண்டையும் ஒன்றாக மாற்றினால் கூலி ஒருமுறையோடு போகும்.

பணத்துக்கு என்ன வழி?

ஒரு டிரிப்புக்கு 50 ரூபாய் தனியே எடுத்து வையுங்கள். மாதம் 20 டிரிப் என்றால் 1,000 ரூபாய், வருடத்துக்கு 12,000 ரூபாய். பழுது வரும்போது கந்து வட்டிக்குப் போக வேண்டாம், தவணையும் தவறாது.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் குழுவில் யார் யாரிடம் வண்டிக் கடன் உள்ளது? அவர்களில் எத்தனை பேர் கூலண்ட் அளவு பார்க்கத் தெரிந்தவர்கள்?
2. வண்டிக்கு என்று ஒரு நோட்டு போட்டு, கிலோமீட்டர், தேதி, செய்த வேலை, செலவு எழுதுகிறோமா?
3. பராமரிப்புக்குத் தனிச் சேமிப்பு வைப்பதைத் தீர்மானமாகப் போடலாமா?

நம் பெயரில் உள்ள வண்டியை நாமே தெரிந்துகொள்வோம்!