அம்மம்மாவின் சரக்குப் பெட்டி

குளிர்காலம் தொடங்கினால் எமது வீடுகளில் தடிமனும் இருமலும் ஒருவர் மாறி ஒருவருக்கு வரும். உடனே சரக்குப் பெட்டி திறபடும். மல்லி, வேர்க்கொம்பு, மிளகு, உள்ளி, மஞ்சள் எல்லாம் அடுப்படிக்கு வந்துவிடும். "இது உண்மையாகவே கிருமியைக் கொல்லுமா?" என்று இங்கே பிறந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். "அந்தக் காலத்து ஆட்கள் என்ன மடையர்களா?" என்று அதட்டுவது பதிலாகாது. கேள்வி நல்ல கேள்வி. இம்முறை இப்பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

ஆய்வுகூடத்தில் இதனைச் சோதிக்கும் முறை எளியது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்ற கூழைக் கண்ணாடித் தட்டில் உறையவிட்டு, அதன்மேல் பற்றீரியாவைப் பூசுவார்கள். மூலிகைச் சாற்றில் தோய்த்த சிறு கடதாசி வில்லையை அதில் வைத்து, ஒரு நாள் இளஞ்சூட்டில் விடுவார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தோன்றினால் சாற்றுக்கு வலு உண்டு என்று பொருள். மஞ்சள், உள்ளி, துளசி, வேப்பிலை, கராம்பு எல்லாமே இச்சோதனையில் ஏதோவொரு கிருமியைத் தடுத்தவைதான். ஆனால் தட்டிலே மருந்தும் கிருமியும் நேருக்கு நேர் நிற்கின்றன. நாம் குடிக்கும் கசாயமோ குடலையும் ஈரலையும் தாண்டி இரத்தத்தில் சேரவேண்டும். அத்தோடு, சோதனைக்கு எடுப்பது பெரும்பாலும் மதுசாரத்தில் இறக்கிய செறிந்த சாறு. எமது வீடுகளில் யார் மஞ்சளை மதுசாரத்தில் ஊறவைக்கிறார்கள்? தடிமனைக் கொண்டுவருவது பற்றீரியா அல்ல, வைரசு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். மல்லித் தண்ணீர் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர். அந்த அளவில் அது நல்லதே.

மஞ்சளின் பெருமையை நாம் சொல்லத் தேவையில்லை. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் காட்டி வாதாடியது. 1997இல் அந்த உரிமை நீக்கப்பட்டது. வழக்கு வென்றது, "இது புதிதல்ல" என்பதற்காகவே. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் அரிதாகவே கரையும். குடித்தால் இரத்தத்தில் மிகச் சொற்பமே சேரும். ஆழமான வெட்டுக்காயத்தை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கடைப் பொதியிலுள்ள தூளை அதில் அப்பவேண்டாம். தூளிலே மண்ணின் கிருமிகளும் இருக்கும். நிறத்துக்காக ஈயக் குரோமேற்று கலப்பவர்களும் உண்டு. ஈயம் இருந்ததால் 2016இல் அமெரிக்கக் கடைகளிலிருந்து சில மஞ்சள்தூள்கள் திரும்பப் பெறப்பட்டன. கிழங்கு வாங்கி அரைப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

உள்ளியின் கதை சுவையானது. முழுப் பல்லில் மருந்து இல்லை! நசுக்கும்போதுதான் அலியின் என்ற பொருளை அலினேசு என்ற நொதியம் தாக்கி அல்லிசின் உண்டாகிறது. 1944இல் கவலிட்டோ, பெய்லி ஆகியோர் அதனைப் பிரித்தெடுத்து, பற்றீரியாவைத் தடுக்கும் என்று காட்டினார்கள். சூடு பட்டால் நொதியம் செயலிழக்கும். எனவே நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கறியில் போடுங்கள். ஆனால் உள்ளியை எண்ணெயில் ஊறவைத்து மேசையில் வைக்காதீர்கள். பொற்றுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துக்கள் மண்ணிலிருந்து உள்ளியோடு வரும். எண்ணெய்க்குள் காற்று இல்லாததால் அவை முளைத்துப் பெருகும். 1985இல் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட பலர் இப்படித்தான் நோயுற்றார்கள். கிருமியைக் கொல்லும் உள்ளியே கிருமிக்கு வீடாகிவிட்டது! குளிரூட்டியில் வைத்தாலும் நான்கு நாட்களுக்கு மேல் வேண்டாம்.

இனிச் சொல்வதைக் கைக்குழந்தை உள்ள வீட்டார், முக்கியமாக அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும், பொறுமையோடு வாசிக்கவேண்டும். மலேசியாவில் எமது இனத்துக் குழந்தைகளுக்குச் சளிக்கும் இருமலுக்கும் வேப்பெண்ணெய் பருக்கும் வழக்கம் இருந்தது. பருக்கிய சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்ததை அங்குள்ள வைத்தியர்கள் 1981இல் எழுதினார்கள். மூளையையும் ஈரலையும் தாக்கும் இரேயின் நோய் போன்ற நிலை அது. வேப்பிலையை வாசலில் கட்டுவதில் கெடுதல் இல்லை. எண்ணெயைக் குழந்தையின் வாயில் விடுவது வேறு. பிள்ளை வளர்ப்பான் என்று நாம் கொண்டாடும் வசம்பும் அப்படியே. அதிலுள்ள பீற்றா அசரோன் எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால், 1968இல் அமெரிக்க அரசு அதனை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. மருந்தை உரைத்துக் குழைக்கும் தேனிலும் பொற்றுலிச வித்துக்கள் இருக்கலாம். ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு துளியும் கொடுக்கக்கூடாது. இதைக் கேட்டுப் பெரியவர்கள் மனம் நோவார்கள் என்பதை அறிவோம். "எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அதில்தானே வளர்ந்தார்கள்" என்பார்கள். வளர்ந்தவர்களைத்தானே நாம் இன்று காண்கிறோம்.

இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பவர்களும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் உள்ளி, மஞ்சள் குளிகைகள் எடுப்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். வேர்க்கொம்பு என்று சொன்னால் அவருக்குப் புரியாது. பொதியையே கையோடு கொண்டு போங்கள்.