வட்டியில்லா வங்கி: நஷ்டம் யார் தலையில்?



நம் கடைத்தெருவில் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. "இஸ்லாமிய பேங்க் என்பதெல்லாம் வெறும் பெயர்தான். மற்ற பேங்கில் வட்டி என்பதை இங்கே லாபம் என்கிறார்கள். மாதத் தவணையைக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது" என்பதே அந்தப் பேச்சு. சொல்லுகிறவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் பத்து பகாட்டிலும் பல வருஷம் கல்லாவில் உட்கார்ந்து பழகியவர்கள். ஆகையால் இதைக் கோபித்து ஒதுக்கிவிடாமல், எவ்வளவு தூரம் உண்மை என்று ஆராய்வதே முறை. நாம் ஆலிம் அல்ல. மத்ரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், கடையில் கற்றதுமே நம் கையிருப்பு. ஃபத்வாவுக்கு ஹஸ்ரத்மார்கள் இருக்கிறார்கள். நாம் எழுதுவது வியாபாரிக்கு வியாபாரி சொல்லும் விஷயம்.

முதலாவதாக, இந்தப் பேச்சு புதியதன்று. வியாபாரமும் வட்டி போன்றதுதானே என்று வாதித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய காலத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாகவே சூரா பகராவின் 275-ஆம் ஆயத்து, வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியது. அங்கிருந்து ஐந்து ஆயத்துகள் தள்ளி வரும் 280-ஆம் ஆயத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கடன் வாங்கியவன் கஷ்டத்தில் இருந்தால் அவனுக்கு வசதி வரும் வரையில் அவகாசம் கொடுக்கவும், முடிந்தால் கடனையே விட்டுவிடவும் அது சொல்லுகிறது. நம் அபிப்பிராயத்தில் வட்டிக்கும் வியாபாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நல்ல நாளில் கண்டுபிடிக்க முடியாது. தவணை ஒழுங்காகக் கட்டும் வரையில் இரண்டு பேங்கும் ஒன்றுபோலவே தோன்றும். வியாபாரம் படுத்துப்போன அன்றைக்குத்தான் எது எது என்று தெரியும். நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதே உரைகல்.

இதை நாம் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. கடையநல்லூரிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் பனைக்குளத்திலிருந்தும் சபர் வந்த நம் முன்னோர்கள் கடை வைத்தது எப்படி? ஒருவர் முதல் போட்டார், மற்றொருவர் கடையில் நின்று உழைத்தார். வருஷம் முடிந்து பேரேட்டைப் பார்த்து, லாபத்தைப் பேசிய பங்குப்படி பிரித்துக்கொண்டார்கள். நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போயிற்று, நின்று உழைத்தவருக்கு ஒரு வருஷத்து உழைப்பு போயிற்று. உழைத்தவர் மோசம் செய்யாதவரையில், "என் பணத்தை எடுத்து வை" என்று முதல் போட்டவர் அவர் கழுத்தைப் பிடிப்பதற்கில்லை. இதற்குத்தான் பிக்ஹுக் கிதாபுகளில் முளாரபா என்று பெயர். கதீஜா நாயகி (ரலி) அவர்களுடைய சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டுபோய் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வியாபாரம் செய்ததும் இந்த வகையே. இருவரும் பணம் போட்டால் அது முஷாரகா. லாபத்தைப் பேசியபடி பிரிக்கலாம், நஷ்டத்தை மட்டும் அவரவர் போட்ட முதலின் விகிதப்படியே தாங்க வேண்டும்.

இனி, இந்த நாட்டில் வட்டியில்லா ஸ்தாபனம் உண்டான வரலாறு. இதன் வித்து ஊன்றியவர் நம் ஜொகூர் அரச வமிசத்து உறவினரான பேராசிரியர் உங்கு அப்துல் அஸீஸ் (1922–2020) என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அக்காலத்தில் கம்பத்து மலாய்க்காரர்கள் ஹஜ்ஜுக்காகச் சேர்த்த பணத்தை வட்டிக்குப் பயந்து பேங்கில் போடமாட்டார்கள். தலையணைக்குள்ளும் மெத்தைக்கு அடியிலும் வைப்பார்கள். பணம் போதாதவர்கள் நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். ஹாஜியாகத் திரும்பி வரும்போது உழுவதற்கு நிலம் இராது. இதைக் கண்ட உங்கு அஸீஸ் 1959-இல் ஒரு யோசனை எழுதி அரசாங்கத்துக்குக் கொடுத்தார். ஏழைகள் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும், அந்தப் பணத்தை ஹலாலான தொழிலில் போட வேண்டும், லாபத்தை அவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அதன்படி ஹாஜிகள் சேமிப்புக் கழகம் 1963 செப்டம்பர் 30-ஆம் தேதி வேலையைத் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர், அவர்கள் போட்ட பணம் 46,610 வெள்ளி. தலைக்கு முப்பத்தாறு வெள்ளி சொச்சந்தான். 1969-இல் ஹஜ்ஜுக் காரியாலயத்துடன் இணைந்து, பிற்பாடு தாபோங் ஹாஜி என்று பெயர் பெற்றது. அதே 1963-இல் எகிப்து தேசத்து மித் கம்ர் என்னும் ஊரில் அஹ்மத் அந்நஜ்ஜார் என்பவர் குடியானவர்களுக்கென்று வட்டியில்லாச் சேமிப்பு பேங்க் ஒன்றைத் தொடங்கினார். சில வருஷங்களில் அது நின்றுபோயிற்று. முப்பத்தாறு வெள்ளிக்காரர்களின் கழகம் நிலைத்தது.

நிலைத்தது என்று சொன்னால் குறையே இல்லை என்று அர்த்தமன்று. 2017 முடிவில் தாபோங் ஹாஜியின் சொத்தைக் காட்டிலும் பொறுப்புகள் 410 கோடி வெள்ளி அதிகம் என்று மறு வருஷம் வெளியாயிற்று. சொத்து குறைந்திருந்தும் லாபப் பங்கு கொடுத்து வந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அரசாங்கம் தனியாக ஒரு கம்பெனி வைத்து, நலிந்த சொத்துகளை அதற்கு மாற்றி, ஹாஜிகளின் பணத்தைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. வட்டி இல்லை என்பதால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

1983-இல் இஸ்லாமிய பேங்க் சட்டம் வந்து, அவ்வருஷம் ஜூலை முதல் தேதி பேங்க் இஸ்லாம் கதவு திறந்தது. 1993 முதல் மற்ற பேங்குகளும் வட்டியில்லாப் பிரிவு நடத்த அனுமதி கிடைத்தது. இன்று முஸ்லிம் அல்லாதவர்களும் ஏராளமாக அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள்.

சரி, பேங்குகள் முளாரபா முறையிலா பணம் கொடுக்கின்றன? உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் இல்லை. முராபஹா என்னும் விற்பனை முறையே அதிகம். உமக்குக் கடைக்கு ஒரு குளிர்ப்பெட்டி தேவை. பேங்க் அதை 5,000 வெள்ளிக்கு வாங்கி, உமக்கு 6,000 வெள்ளிக்குத் தவணையில் விற்கிறது. கொள்முதல் விலையையும் லாபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், விற்கும் முன் பொருள் பேங்கின் கைக்கு வந்திருக்க வேண்டும். விலை பேசி முடிந்தபின் ஒரு காசு ஏற்ற முடியாது. இது வியாபாரமே. ஆனால் ரொக்கம் வேண்டுமென்று போகிறவருக்கு இப்போது தவர்ருக் என்ற முறை நடக்கிறது. பேங்க் செம்பனை எண்ணெய் போன்ற சரக்கை வாங்கி, நமக்குத் தவணைக்கு விற்று, நம் சார்பில் உடனே வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுப் பணத்தைக் கையில் கொடுக்கிறது. இதற்கென்றே 2009-இல் கோலாலம்பூரில் ஒரு சந்தை ஏற்பட்டது. ஜொகூரில் எத்தனையோ செம்பனைத் தோட்டம் பார்த்திருக்கிறோம், ஆனால் நாம் வாங்கி விற்ற எண்ணெயின் வாசனை நம் மூக்குக்கு எட்டுவதில்லை! மலேசிய ஷரீஅத் ஆலோசனை சபை இதை அனுமதித்திருக்கிறது. முஸ்லிம் நாடுகளின் பிக்ஹு சபையோ, முன்னேற்பாட்டுடன் நடக்கும் தவர்ருக் கூடாது என்று அதே 2009-இல் தீர்மானித்தது. கடைத்தெருப் பேச்சில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். பேங்குகள் பங்கு முறைக்கு இன்னும் நெருங்கி வர வேண்டும் என்பது நம் கருத்து.

இப்போது உரைகல்லுக்கு வருவோம். கட்ட முடியாதவனுக்கு என்ன நடக்கிறது?

மலாயா உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. வீட்டுக்காக ஒருவர் பெற்றது நாலு லட்சம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. 25 வருஷத் தவணையில் விற்பனை விலை பத்து லட்சத்தை எட்டும் தொகை. கொஞ்ச காலம் கட்டிவிட்டு அவர் நின்றுபோனார். பேங்க் முழு விற்பனை விலையில் கட்டியது போக மீதி, ஒன்பதரை லட்சத்துக்கும் அதிகமாகக் கேட்டது. வராத வருஷங்களுக்கும் லாபம்! வட்டி பேங்கில் வாங்கியிருந்தால்கூட அவ்வளவு கேட்டிருக்க முடியாது. கழியாத காலத்துக்கு லாபம் கேட்க பேங்குக்கு உரிமையில்லை என்று நீதிபதி தொகையை வெகுவாகக் குறைத்தார். பின்னர் 2011-இல் பேங்க் நெகாரா விதி செய்தது. முன்கூட்டி அடைப்பவருக்கும், கணக்கு இடையில் முடிக்கப்படுபவருக்கும் வராத கால லாபத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது அவ்விதி. இதற்கு இப்ரா என்று பெயர். தாமதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தவணைக் காலத்துக்குள் பிந்திய தொகைக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்று வரையில் நஷ்டஈடு எடுக்கலாம், அதைக் கடனோடு சேர்த்துக் குட்டி போடவிடக் கூடாது. அபராதம் என்று அதற்கு மேல் எடுத்தால் தர்மத்துக்குப் போக வேண்டும், பேங்கின் லாபத்தில் சேரக் கூடாது. வட்டிக்கு வட்டி கட்டி நிலம் இழந்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நகையை வைத்துப் பணம் வாங்குவதிலும் இதே கணக்குதான். 1972-ஆம் வருஷத்து அடகுச் சட்டம் மாதம் நூற்றுக்கு இரண்டு வெள்ளி வட்டியை அனுமதித்தது. 3,000 வெள்ளி நகைக்கு 2,000 வெள்ளி வாங்கினால் மாதம் 40 வெள்ளி. 1992-இல் திரெங்கானுவிலும் கிளந்தானிலும் தொடங்கிய அர்-ரஹ்னு கடைகளில் கடனுக்கு வட்டி இல்லை, நகையைப் பாதுகாப்பதற்குக் கூலி மட்டும். நகை மதிப்பில் நூற்றுக்கு எழுபது காசு என்று வைத்தால் 21 வெள்ளி. கூலி கடைக்குக் கடை மாறும், ஆகையால் விசாரித்துப் போகவும். நகை ஏலத்துக்குப் போனால் பாக்கி போக மிஞ்சியது நகைக்காரருக்குச் சொந்தம். இரண்டு பேங்கும் வேண்டாமென்று வட்டி முதலைகளிடம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸ் உள்ள கடன்காரர்கூட அடமானத்துடன் வருஷத்துக்கு 12, அடமானம் இல்லாமல் 18 வீதத்துக்கு மேல் வாங்கச் சட்டம் இடந்தரவில்லை. வாரக் கணக்கில் வட்டி கேட்பவன் சட்டத்துக்கும் மார்க்கத்துக்கும் வெளியே நிற்பவன்.

பணம் போடுகிறவர்களும் நஷ்டம் யாருடையது என்று கேட்க வேண்டும். 2013-ஆம் வருஷத்துச் சட்டம் வைப்புக் கணக்கையும் முதலீட்டுக் கணக்கையும் வேறு பிரித்தது. வைப்புக்கு ஒரு பேங்கில் ஒருவருக்கு 2,50,000 வெள்ளி வரையில் அரசாங்கக் காப்பீடு உண்டு. முதலீட்டுக் கணக்குக்கு அது இல்லை, லாபமும் நஷ்டமும் நம்முடையதே. சிலர் இதைக் கேட்டுத் திடுக்கிடுகிறார்கள். பங்கு வேண்டும் நஷ்டம் வேண்டாம் என்றால், நாம் கேட்பது வட்டியைத்தானே?

இந்தப் பணம் எங்கே போகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. மதுக்கடைக்கும் சூதாட்டத்துக்கும் இஸ்லாமிய பேங்க் பணம் கொடாது. லாபத்தை மட்டும் பாராமல், கொடுத்த பணத்தால் ஜனங்களுக்கும் மண்ணுக்கும் என்ன விளைந்தது என்றும் பார்க்கும்படி 2018-இல் பேங்க் நெகாரா பேங்குகளைத் தூண்டியது. 2020-இல் ஐ-தெக்காட் என்னும் திட்டம் வந்தது. தர்மப் பணத்தையும் ஜகாத்தையும் சிறு கடனோடு சேர்த்து, தொழில் பயிற்சியும் கொடுத்து, ஏழை வியாபாரியைத் தூக்கிவிடுவது அதன் நோக்கம். தள்ளுவண்டி வைத்திருக்கும் நம் பிள்ளைகள் இதை விசாரிக்கலாம்.

பேங்குக்குப் போகும் சகோதரர்கள் கையெழுத்துப் போடும் முன் நான்கு விஷயம் கேட்கவும். ஒப்பந்தம் முராபஹாவா, தவர்ருக்கா, முஷாரகாவா? விற்பனை விலை மொத்தம் எவ்வளவு? ஐந்தாம் வருஷம் அடைத்தால் இப்ரா எவ்வளவு? தவணை பிந்தினால் என்ன எடுப்பார்கள், அது யாருக்குப் போகும்? மலாய் புரியாதவர் புரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போகவும். கடனை எழுதி வைக்கச் சொல்லும் 282-ஆம் ஆயத்து குர்ஆனிலேயே நீளமான ஆயத்து. பதிலை வாய்ச் சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்கி, கடைப் பேரேட்டோடு வைத்துக்கொள்ளவும்.