சைட் காட்டினால் மட்டும் புரோக்கர் வேலை முடிந்துவிடுமா?



குழுக் கடன், ஏலச்சீட்டு, அடகு வைத்த நகை என்று எல்லாத்தையும் சேர்த்து நம்ம பெண்கள் வாங்குகிற முதல் பெரிய சொத்து பெரும்பாலும் ஒரு சைட்தான். அன்னூர், சூலூர், கிணத்துக்கடவு என எந்தப் பக்கம் போனாலும் ரோட்டோரம் கலர்க் கொடி கட்டிய மனைகள். கிரைண்டர் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற நாம், சைட் விஷயத்தில் மட்டும் புரோக்கர் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறோம். நல்ல புரோக்கர் நமக்கு என்னென்ன செய்து தர வேண்டும் என்பதே இந்த மாதப் பாடம்.

நம்ம உறுப்பினர் ஒருவர் போன வருடம் சைட் தேடினார். முதலில் வந்த புரோக்கர் காரில் கூட்டிப்போய்க் காட்டினார், இளநீர் வாங்கிக் கொடுத்தார். "நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க, இன்னைக்கே அம்பதாயிரம் அட்வான்ஸ் போட்ருங்க" என்றார். பத்திர நகல் கேட்டால், "அதெல்லாம் கிரையத்தன்னைக்குப் பாத்துக்கலாமுங்க" என்று பதில். ரொக்கத்தோடு கிளம்பிய அந்த அக்காவை நாங்கள்தான் நிறுத்தினோம். நிலம் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது வருமான வரிச் சட்டம். செக் அல்லது வங்கி வழியாகக் கொடுத்தால் நமக்கும் அத்தாட்சி.

இரண்டாவதாக வந்தவர் பழைய மொபெட்டில் வந்த ஒரு பெரியவர். பையில் டேப் வைத்திருந்தார். விற்பவர் "மூணு செண்ட்" என்று சொன்ன இடத்தை நாலு பக்கமும் அளந்தார். 30க்கு 40, அதாவது 1,200 சதுர அடி. ஒரு செண்ட் 435.6 சதுர அடி. கணக்குப் போட்டால் இரண்டே முக்கால் செண்ட்தான். செண்ட் 3 லட்சம் என்று பேசினால் அந்தக் கால் செண்டுக்கே 70 ஆயிரத்துக்கு மேல் போய்விடும்! அடுத்து டிடிசிபி அங்கீகார வரைபடத்தில் மனை எண்ணைப் பார்த்தார். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு எத்தனை பேர் அல்லாடினார்கள் என்று உங்களுக்கே தெரியும். தொண்டாமுத்தூர், மதுக்கரை, காரமடைப் பக்கத்து மலையடிவாரக் கிராமங்கள் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும அனுமதியையும் கேட்க வேண்டும்.

வில்லங்கச் சான்றிதழ் 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பட்டா விற்பவர் பேரில் இருந்தது. அந்த அக்காவுக்கு ஒரே சந்தோஷம். பெரியவர் மட்டும் தாய்ப்பத்திரத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இது அவங்க அப்பா கிரையம் வாங்குனதுங்க. அவரு தவறீட்டாரு. கூடப் பொறந்தவங்க யாரு?" என்று கேட்டார். வாரிசுச் சான்றிதழைப் பார்த்தால், தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த ஒரு தங்கச்சி இருக்கிறார். அம்மாவும் இருக்கிறார்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். பதிவான பத்திரங்கள் மட்டுமே வில்லங்கத்தில் வரும். பதியாமல் நிற்கிற வாரிசின் பங்கு அதில் தெரியாது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்தில் அம்மாவுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் வந்தது. சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு என்பதால் பங்கு போய்விடாது.

விற்பவர், "தங்கச்சி ஒண்ணும் கேக்க மாட்டா" என்றார். பெரியவரோ, "அம்மிணி, அவங்க கையெழுத்து இல்லாம இத நான் முடிச்சுத் தர மாட்டனுங்க" என்று நம்ம அக்காவிடம் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் இழுத்தது. எங்களுக்கே கொஞ்சம் சலிப்புதான், ஒத்துக்கொள்கிறோம். கடன் தவணை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்ததே!

புது லேஅவுட்டில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள். 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேல் போட்டு விற்கிற லேஅவுட்டை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும். அதை விற்றுத்தரும் ஏஜெண்டும் தன் பேரைப் பதிந்திருக்க வேண்டும். "உங்க பதிவு நம்பர் என்னங்க?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கமிஷன் எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கடைசியில் தாராபுரத்துத் தங்கச்சி தன் அம்மாவோடு வந்து, தன் பங்குப் பணத்தைச் செக்காக வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இரண்டே முக்கால் செண்டுக்குத்தான் விலை. 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் சலுகை இருப்பதை அந்தப் பெரியவர்தான் ஞாபகப்படுத்தினார். வீட்டுக்காரர் பேரில் எழுத இருந்த பத்திரம் அக்கா பேருக்கு மாறியது. 8 ஆயிரத்துக்கு மேல் மிச்சம். பட்டா பேர் மாறி வந்த பிறகே பெரியவர் தன் கமிஷனை வாங்கிக்கொண்டார்.