கணக்கெழுதும் பெண்ணுக்கு யார் சம்பளம் தருவது?

அன்பு மகளுக்கு,

ஆந்திராவின் நகரிப் பக்கத்துப் பெண்கள் சங்கத்துக்காக நீயும் உன் தோழிகளும் தயாரித்த நிதி விண்ணப்பம் வந்து சேர்ந்தது. தையல் மெஷின், ஆறு மாதப் பயிற்சி, சான்றிதழ், நிறைவு விழா எல்லாம் இருக்கின்றன. கணக்கு எழுதும் பெண்ணுக்குச் சம்பளம் இல்லை. கூட்டம் கூடும் அறைக்கு வாடகை இல்லை. தலைவி சித்தூருக்கோ திருப்பதிக்கோ போய்வரப் பஸ் காசுகூட இல்லை. திட்டக் காலம் ஒரு வருஷம். நிர்வாகச் செலவு என்று எழுதினால் வெட்டிவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். வெட்டினாலும் வெட்டட்டும். நாமே கேட்காமல் விடக் கூடாது, கண்ணு.

உன் பகுதிக்கு அருகில் நடந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1992-இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அதற்கு யாரும் நிதி தரவில்லை. போராட்டம் சித்தூர் உட்படப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. 1993 அக்டோபரில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. 1997-இல் அதே மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, ஐந்து வருஷத்துக்கு முன் எழுந்த பலத்தோடு பெண்களால் எதிர்த்து நிற்க முடியவில்லை. கோபத்துக்குப் பணம் வேண்டாம். வென்றதைக் காத்து நிற்பதற்குத்தான் மாதாமாதம் கூடும் அமைப்பும், அதை நடத்தப் பணமும் தேவை. அந்தப் போராட்டம் விட்டுச்சென்றதில் நிலைத்தது நெல்லூரின் 'பொதுப்பு லட்சுமி', நாளைக்கு ஒரு ரூபாய் சேமிக்கும் பெண்கள் குழுக்கள்.

உங்கள் ஊரில் இன்றும் மகளிர் குழுவை 'டுவாக்ரா' என்றுதான் சொல்வார்கள். அது 1982-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் பெயர். குப்பத்துக்கு அந்தப் பக்கம், நம் பழைய தருமபுரி மாவட்டத்தில், 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக மகளிர் திட்டம் ஆரம்பித்தது. 1992-இல் நபார்டு வங்கி, இத்தகைய குழுக்களை மற்ற வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. அப்போது சோதனைக்கு எடுத்தது 500 குழுக்கள்தான்.

2000-இல் உலக வங்கிக் கடனோடு ஆந்திர அரசு ஆறு மாவட்டங்களில் 'வெலுகு' திட்டத்தைத் தொடங்கியது. அதில் சித்தூரும் ஒன்று. திருப்பதியும் அப்போது அதற்குள்தான், அது தனி மாவட்டமானது 2022-இல். 2003-இல் இரண்டாவது கடன் வந்து திட்டம் மாநிலமெங்கும் விரிந்தது. 2011 வரை நடந்தது. இரண்டு கடன்களின் காலமும் சேர்த்துப் பத்து வருஷத்துக்கு மேல். இந்தக் கால அளவைத்தான் நீ கவனிக்க வேண்டும். தெருவில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்த சங்கம், அதற்கு மேல் கிராம சமாக்யா, மண்டல சமாக்யா, ஜில்லா சமாக்யா என்று கூட்டமைப்புகளைப் படிப்படியாக எழுப்பினார்கள். பணம் கடனாகவும் போனது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது மனிதர்களுக்குப் போன பணம். கணக்கெழுதப் பெண்களைப் பழக்கினார்கள். மினிட்ஸ் நோட்டில் தீர்மானம் எழுதவும், வங்கி மேனேஜர் முன் உட்கார்ந்து பேசவும், தவணை தவறியவளின் வீட்டுக்குப் போய் விசாரிக்கவும் பழகினார்கள். அப்படிப் பழகிய ஆந்திரப் பெண்கள் பின்னால் பிஹார் கிராமங்களுக்கு ரயிலேறிப் போய் அங்கே குழுக்கள் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு வருஷத் திட்டத்தில் இது நடக்குமா?

அவசரப் பணம் என்ன செய்யும் என்பதையும் ஆந்திராதான் பார்த்தது. மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் வாரத் தவணைக்குக் கடனை வாரி இறைத்தன. ஒருத்தி பேரில் மூன்று நான்கு கடன். 2010 ஆகஸ்டில் அவற்றில் பெரியதொன்று பங்குச் சந்தையில் இறங்கியது. அக்டோபரில், தற்கொலைச் செய்திகளுக்கு நடுவே, அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பணம் குறைவாக வந்ததால் வந்த துன்பமல்ல அது. சங்கத்தைக் கேட்காமல், சங்கத்தின் வேகத்துக்கு மேல் வந்ததால் வந்தது.

நீண்டகால அரசுப் பணத்திலும் ஆபத்து உண்டு. 2014 தேர்தலில் டுவாக்ரா கடன் தள்ளுபடி என்ற வாக்குறுதி வந்ததும் பல குழுக்களில் தவணை நின்றுபோனது. தலைவர்கள் வரும் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் வேலையும் சங்கத் தலைவிகள் தலையில் விழுகிறது. ஆகவே பெண்களின் சொந்தப் பணம் எவ்வளவு சிறிதானாலும் உள்ளே இருக்க வேண்டும்.

அதற்குத் திருப்பதியிலேயே சான்று இருக்கிறது. 2014-இல் 27 பெண்களோடு தொடங்கிய ஸ்ரீஜா மகிளா பால் உற்பத்தியாளர் கம்பெனியில் இன்று லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் பங்குதாரர்கள். தேசியப் பால்வள வாரியம் கைகொடுத்தது. 2012 முதல் 2019 வரை நடந்த தேசியப் பால்வளத் திட்டம் தொடக்கக் காலத்தைத் தாங்கியது. ஆனால் பங்கு பெண்களுடையது, இயக்குநர் குழுவும் பெண்களுடையது. வெளிப்பணம் தூக்கி நிறுத்தியது, சொந்தப் பணம் நிற்க வைத்தது.

நீண்டகாலப் பணம் கிடைக்காத குறை உலகத்தில் மற்ற இடங்களிலும் உண்டு. பெண்ணுரிமை அமைப்புகளின் நிதியை ஆராயும் ஏவிட் என்ற பன்னாட்டு அமைப்பு 740 குழுக்களின் வருமானத்தைக் கணக்கிட்டது. 2010-இல் அவற்றின் ஆண்டு வருமானத்தின் இடைநிலை அளவு 20,000 டாலர். அதன் ஆய்வில் பங்கெடுத்தவற்றில் பாதிக்கு மேற்பட்ட குழுக்களுக்குப் பல வருஷத்துக்கான நிதி ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.

நம் நாட்டில் வழி இன்னும் குறுகிவிட்டது. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெரிய அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து தரக் கூடாது. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. நகரிச் சங்கம் போன்றவற்றுக்குப் பணம் வந்த வழியே பெரும்பாலும் இப்படிப் பகிர்வதுதான். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலோ கம்பெனி தன் நிர்வாகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்ற விதி. அதையே காரணம் காட்டி உங்கள் சம்பளத்தையும் வெட்டப் பார்ப்பார்கள். ஏமாறாதே, அந்த வரம்பு அவர்களுடைய அலுவலகச் செலவுக்கு. கணக்கெழுதும் பெண்ணும் களப்பணியாளரும் திட்டத்தின் வேலையாட்கள். அவர்கள் சம்பளத்தைத் திட்டச் செலவாகவே எழுது. தொடர் திட்டம் என்று காட்டினால், தொடங்கிய வருஷம் போக இன்னும் மூன்று வருஷம் கேட்க அந்த நிதிக்கான விதிகளே இடம் தருகின்றன.

மெஷின் எண்ணிக்கையைப் பாதியாக்கு. மிச்சத்தில் ஒருத்திக்கு முழுச் சம்பளமும், அறை வாடகையும், ஆண்டுத் தணிக்கைச் செலவும் சேர். மூன்றாம் வருஷத்திலிருந்து அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கைச் சங்கமே தன் சேமிப்பு வட்டியிலிருந்து தரும் என்று எழுது. எவ்வளவு என்பதை நீ தீர்மானிக்காதே. அங்கே பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. இரண்டு மொழியிலும் விண்ணப்பத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டு. அவர்கள் சொல்லும் தொகையைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தின் நகலை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பெரியம்மா